பன்னிரண்டாவது டிக்கெட்

கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் என்பவர் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. புது டிரெஸ் உண்டு, சந்தனம் உண்டு, போட்டோவில் இடம் உண்டு. தாலி மட்டும் கட்ட முடியாது!

சட்டமே அப்படித்தான் சொல்கிறது. யாருக்காவது அடிபட்டால் இவர் உள்ளே போய் ஃபீல்டிங் செய்யலாம். பேட்டிங் கிடையாது. பௌலிங் கிடையாது. காப்டன் பதவி நிச்சயம் கிடையாது. 2017 வரை விக்கெட் கீப்பிங்கும் கூடாது என்றிருந்தது. இப்போது அம்பயர் தலையாட்டினால் கிளவுஸ் மாட்டிக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் தண்ணி, துண்டு, மாற்று பேட், உள்ளேயிருந்து வெளியே போகும் வசவு, வெளியேயிருந்து உள்ளே வரும் ரகசியம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒரு மாட்சில் ஜாஸ்தி ஓடுகிறவர் அவர்தான். ஒரு ரன் கூட கணக்கில் ஏறாது.

இதில் கேவலம் எதுவும் இல்லை. சாட்சாத் டான் பிராட்மன் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார். 1928-ல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடி 18, 1 என்று எடுத்தார். அடுத்த டெஸ்டில், சிட்னியில், உட்கார வைத்துவிட்டார்கள். லார்வுட் பந்தில் பான்ஸ்ஃபோர்டின் கை உடைந்ததால் பிராட்மன் உள்ளே போய் ஃபீல்டிங் செய்தார். மூன்றாவது டெஸ்டில் மறுபடி சேர்த்தார்கள். 79, 112. அதற்கப்புறம் அவரிடம் யாரும் தண்ணி கேட்கவில்லை.

2017-ல் தர்மசாலாவில் தோளில் அடிபட்டிருந்த கோலி தண்ணி கொண்டுபோனார். 2018-ல் டப்ளினில் தோனி கூல்டிரிங்க்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். 2019-ல் கான்பராவில், பிரதமர் லெவனும் இலங்கையும் ஆடிய மாட்சில், ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசனே தண்ணி பாட்டிலோடு மைதானத்துக்குள் ஓடி வந்தார். நம் ஊரில் ஒரு வார்டு கவுன்சிலரை இப்படிச் செய்யச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

பிரதமர் ஒரு நாள் தூக்கினால் அது செய்தி. ஒரே பையன் ரெண்டு வருஷம் தூக்கினால்? அதைப் பற்றித்தான் விழுப்புரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம் வாதம் நடந்தது.

1992 கோடை. விழுப்புரம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் ஓர் ஊர். தனி மாவட்டம் ஆனது 1993 செப்டம்பர் 30-ல்தான். அந்த மார்ச்சில்தான் உலகக் கோப்பை நடந்து, ஜான்ட்டி ரோட்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பறந்துபோய் ஸ்டம்ப்பைச் சாய்த்து, இன்ஸமாமை ரன் அவுட் ஆக்கியிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் ஊரில் முழங்கை தேயாத பையனே கிடையாது. வீட்டுக்கு வீடு டிஞ்சர் வாங்கி மாளவில்லை.

எங்களுக்கும் ஒரு டீம் இருந்தது. நான் அதில் ஸ்கோரர். (என் பேட்டிங்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒருமனதாக எடுத்த முடிவு.) காப்டன் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். அவருக்கு மாட்சும் முக்கியம், ஞாயிற்றுக்கிழமை வியாபாரமும் முக்கியம். பாதி மாட்சில் கடைப் பையன் வந்து மைதானத்து ஓரத்தில் நின்று கை காட்டினால், காப்டன் "தோ வந்துட்டேன்" என்று சைக்கிளை எடுத்துவிடுவார். இன்னொருவருக்கு பீடி. இன்னொருவருக்கு வயிறு. எப்போதும் யாராவது ஒருத்தர் வெளியேதான் இருப்பார். ஆகையால் எங்கள் பன்னிரண்டாவது ஆளுக்கு ஓய்வே கிடையாது.

பெரிய இடத்திலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2005 ஆஷஸில் இங்கிலாந்து பௌலர்கள் அடிக்கடி உள்ளே போய் ஓய்வெடுக்க, துடிப்பான சப்ஸ்டிட்யூட்கள் வெளியே ஃபீல்டிங் செய்கிறார்கள் என்று பான்டிங் புகைந்துகொண்டிருந்தார். டிரென்ட்பிரிட்ஜில் அவரையே கேரி பிராட் என்ற சப்ஸ்டிட்யூட் ரன் அவுட் ஆக்கினார். இத்தனைக்கும் அந்த முறை சைமன் ஜோன்ஸுக்கு நிஜமாகவே அடிபட்டிருந்தது. பான்டிங் திட்டிக்கொண்டே பெவிலியன் போனதை உலகமே பார்த்தது. 2008-ல் ஐ.சி.சி. இந்த விஷயத்தை இறுக்கிவிட்டது. அடிபட்டால், உடம்பு சரியில்லை என்றால் சரி. சும்மா போய்விட்டு வருகிறேன் என்பதற்கெல்லாம் ஆள் கிடையாது. எங்கள் காப்டனின் எலெக்ட்ரிகல் கடை ஐ.சி.சி. விதிகளில் எந்தப் பிரிவில் வரும் என்று தெரியவில்லை.

திண்டிவனத்து டீம் ஒன்று எங்களை மாட்சுக்குக் கூப்பிட்டிருந்தது. நாற்பது கிலோமீட்டர். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழக பஸ் ஏறினால் முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசனை பிடித்து, விக்கிரவாண்டியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று, ஒரு மணி நேரத்துக்குமேல் ஆடி அசைந்து போய்ச் சேரலாம். டீம் ஃபண்டில் இருந்த காசு பன்னிரண்டு பேர் போய் வரத்தான் சரியாக இருந்தது. (ஸ்கோரர் சொந்தச் செலவு!) பதினோரு பேர் யார் என்பதில் சண்டை இல்லை. பழைய லிஸ்ட்தான். அந்தப் பன்னிரண்டாவது டிக்கெட் யாருக்கு? அதுதான் விவகாரம்.

மூன்று பேர் களத்தில் இருந்தார்கள்.

முதலாமவர் மாமா. டீமை ஆரம்பித்தவர், முன்னாள் காப்டன். முப்பத்தெட்டு வயசு. குனிந்து பந்து எடுக்கச் சொன்னால் முதலில் பந்தைப் பார்ப்பார், அப்புறம் வானத்தைப் பார்ப்பார். அதற்குள் நாலு போயிருக்கும். "அவரை விட்டுட்டுப் போனா மனசு கஷ்டப்படும்பா" என்றது ஒரு கட்சி.

இரண்டாமவன் கிட் பையன். அவன் அப்பா பாண்டிச்சேரியிலிருந்து முழு கிட் வாங்கிக் கொடுத்திருந்தார். ரெண்டு பேட், நாலு பேட், கீப்பிங் கிளவுஸ். (முதல் பேட் அடிப்பது, இரண்டாவது பேட் காலில் கட்டுவது. தமிழில் இந்தத் தொல்லை ஒன்று!) "பையனை விட்டுட்டு பையை மட்டும் கேட்டா குடுப்பாங்களா?" என்றது இன்னொரு கட்சி. நியாயமான கேள்வி.

மூன்றாமவன், ரெண்டு வருஷமாக எங்களுக்குப் பன்னிரண்டாவது ஆளாக இருந்த பையன். ரயில்வே லைனுக்கு அந்தாண்டை வீடு. பதினெட்டு வயசு. ஒல்லி. எறிந்தால் பவுண்டரியிலிருந்து பந்து நேராக ஸ்டம்ப்புக்கு வரும். ஸ்கோர் நோட்டில் சப்ஸ்டிட்யூட் பிடித்த கேட்சுக்குப் பேர் எழுதும் வழக்கம் கிடையாது. 'கேட்ச் – சப்' என்றுதான் போடுவது. உலகம் பூராவும் பழைய ஸ்கோர் கார்டுகளில் அப்படித்தான். அதிலிருந்து அவனுக்கே 'சப்பு' என்று பேர் வந்துவிட்டது. நிஜப் பேர் டீமில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதை இங்கே போட்டால் கோபித்துக்கொள்வான், வேண்டாம்.

வாதம் சூடு பிடித்தது.

"சப்புவே வரட்டும்பா. நல்லா ஓடுவான்."

"இந்த ஒரு வாட்டி மாமாவைக் கூட்டிக்கினு போலாம். திண்டிவனத்துல அவருக்கு நாலு பேரைத் தெரியும்."

"கிட்டுக்கு என்னா வழி? அத சொல்லு மொதல்ல."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது ரவுண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் கிளாஸை டக்கென்று வைத்தார்.

"தம்பிங்களா, எனக்கு ஆட்டம் தெரியாது. ஒண்ணு கேக்கறேன். நல்லா ஓடுறான், நல்லா புடிக்கிறான்னு சொல்றீங்களே, அந்தப் பையனை ஏன் பதினோரு பேருல சேக்க மாட்டேன்றீங்க?"

பெஞ்சில் சத்தம் அடங்கியது. காப்டன்தான் பதில் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அந்தப் பதில் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"அது இல்ல மாஸ்டர். அவன் உள்ள வந்துட்டா வெளிய யாரு? நல்ல ட்வெல்த் மேன் கெடைக்கறது ரொம்பக் கஷ்டம்."

இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம்மில் எத்தனை பேர் இந்தப் பாராட்டில் சிக்கியிருக்கிறோம்! பிரமாதமாக டிராஃப்ட் எழுதும் கிளார்க்கை எந்த ஆபீஸரும் வேறு செக்‌ஷனுக்கு விட மாட்டார். 'உன்னை மாதிரி ரசம் வைக்க ஆள் இல்லை' என்று மாமியார் மெச்சிய மருமகள், கல்யாண வீட்டிலும் அடுப்படியை விட்டு வெளியே வந்திருக்க மாட்டாள். ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்தால் அதற்குத் தண்டனை, ஆயுசுக்கும் அதே வேலை.

மாஸ்டர் விடவில்லை. "தண்ணி எப்பவும் அந்தப் பையன்தான் கொண்டாறான். சரி. எல்லாரும் குடிச்ச டம்ளரை எப்பவும் அவன்தான் கழுவறான். அதுவும் ஆட்டத்துல உள்ள ரூலா?"

இந்த இடத்தில் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்த காலம் அது. மாஸ்டர் கடையில் கிடையாது. அதில் அவர் கறார். எங்கள் டீமிலும் யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. ஆனால் மாமா மட்டும் ஒவ்வொரு மாட்சுக்கும் வீட்டிலிருந்து தனியாக ஒரு பாட்டில் கொண்டு வருவார். கேட்டால், "எனக்கு வெந்நீர்தான் ஒத்துக்கும்" என்பார். மாட்ச் முடிந்ததும் ஐஸில் போட்ட கோலி சோடா மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது என்று யாரும் கேட்டதில்லை.

கிரிக்கெட்டுக்கு இது புதுசும் இல்லை. இந்தியாவின் முதல் பெரிய ஸ்பின்னர் பல்வங்கர் பாலு. புனாவில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர். வலையில் துரைமார்களுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய பௌலர் ஆனவர். இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில் டீ. 1911-ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தும், அவரைக் காப்டன் ஆக்கவில்லை. 1923-ல் அவர் தம்பி விட்டல்தான் அந்த அணிக்குக் காப்டன் ஆனார். பாலு எடுத்த பந்தை எல்லோரும் தொட்டார்கள். அவர் குடித்த குவளையைத்தான் தொடவில்லை.

எங்கள் பெஞ்சில் பாலுவைப் பற்றி யாரும் பேசவில்லை. யாருக்கும் தெரியாது. என்னிடம் இருந்தது ஸ்கோர் நோட்டு ஒன்றுதான். "இந்த வருஷக் கேட்செல்லாம் எண்ணுப்பா" என்றார் காப்டன். எண்ணினேன். ஒன்பது மாட்ச். அதிகபட்சம் நாலு கேட்ச், எங்கள் விக்கெட் கீப்பர். மீதிப் பேர் ஒன்று, இரண்டு. 'சப்' என்று மட்டும் ஏழு இடத்தில் இருந்தது.

கிட் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏழா?" என்றான். அப்புறம், "நான் வர்லன்னாலும் கிட்டு வரும்ணே. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்." பதினாறு வயசுப் பையன். பெஞ்சிலேயே பெரிய மனுஷன் அவன்தான் என்று தோன்றியது.

முடிவு மாஸ்டரின் டீ கிளாஸில் நடந்தது. பழைய பேப்பரைக் கிழித்துப் பேர் எழுதி, கிளாஸில் போட்டுக் குலுக்குவது. யார் பேர் வருகிறதோ அவர் அந்த மாட்சுக்குப் பன்னிரண்டாவது ஆள். காப்டனுக்கும் விலக்கு இல்லை. ஒவ்வொரு மாட்சுக்கும் புதுக் குலுக்கல். சப்பு பேர் மட்டும் அந்த சீஸன் முடியும் வரை கிடையாது. அவன் ரெண்டு வருஷக் கோட்டாவை ஏற்கெனவே முடித்துவிட்டான். இதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. குலுக்கியது மாஸ்டர். சீட்டைப் பிரித்தவரும் அவர்தான்.

"காப்டன்!"

காப்டன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கரண்ட் போன எலெக்ட்ரிகல் கடை மாதிரி இருந்தது. ஆனாலும் மனுஷன் வார்த்தை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தண்ணிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி ஸ்பீட் பிரேக்கரில் பாதி அவர் பேன்ட்டில் கொட்டியது. காலியாக இருந்த அவர் இடத்தில் சப்பு. கிட் பையனும் மாமாவும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஸ்கோரரோடு சேர்ந்துகொண்டார்கள்.

திண்டிவனத்தில் கிடங்கல் என்று ஒரு பகுதி உண்டு. பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பாணர்களுக்கெல்லாம் விருந்து வைத்த நல்லியக்கோடனின் பழைய ஊர் அதுதான். எங்களுக்கு ஆளுக்கு ஒரு போண்டா கொடுத்தார்கள். பாட்டுப் பாடத் தெரியாதவர்களுக்கு அது ஜாஸ்தி.

இருபத்தைந்து ஓவர் மாட்ச். சப்பு ஏழாவதாக இறங்கி 14 ரன் எடுத்தான். செஞ்சுரி அடித்து ஜெயித்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நாங்கள் 6 ரன்னில் தோற்றோம். ஆனால் அவர்கள் ஆடும்போது மிட் ஆஃபில் பின்னோக்கி ஓடி ஒரு கேட்ச் பிடித்தான். நோட்டில் முதல் தடவையாக அவன் பேரை எழுதினேன். கொஞ்சம் நீளப் பேர். கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டத்தில் ஏறிவிட்டது.

டிரிங்க்ஸ் இடைவேளையில் காப்டன் குடத்தோடு வந்தார். எல்லோரும் குடித்தார்கள். டம்ளரை அவரே கழுவினார். கரையில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். மாமா வழக்கம்போல, "எனக்கு வெந்நீர்..." என்று ஆரம்பித்தார்.

"பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் மடியில வெச்சுக் கொண்டாந்திருக்கேன். வெந்நீராத்தான் இருக்கும், குடிங்க மாமா!"

மாமா ஒரு நிமிஷம் டம்ளரைப் பார்த்தார். குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது காப்டன் சொன்னது இன்னொரு ஆச்சரியம். "வெளிய ஒக்காந்து பாத்தாத்தாம்பா தெரியுது, நம்ம ஃபீல்டிங்குல எங்கெங்க ஓட்டைன்னு." அடுத்த மாட்சிலிருந்து கவரில் ஆள் மாறியது. அந்த சீஸன் முழுக்க சீட்டு குலுக்கினோம். சப்பு 15, 20 அடிக்கிற சுமாரான பேட்ஸ்மேனாகவே இருந்தான். சுமாரான பேட்ஸ்மேன்கள் எங்கள் டீமில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். அவன் மட்டும் ஏன் பிரமாதமாக ஆடி நிரூபிக்க வேண்டும்?

பன்னிரண்டாவது இடத்தில் யாரை வைக்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நல்ல ஃபீல்டரை வை என்பார் ஒருவர். அடுத்து உள்ளே வரப்போகிற பேட்ஸ்மேனை வை என்பார் இன்னொருவர். சின்னப் பையனை வை, பார்த்துக் கற்றுக்கொள்வான் என்பார் மூன்றாமவர். மூன்றும் சரிதான். எத்தனை நாளைக்கு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

குர்ஷரண் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் ஆமதாபாத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக சப்ஸ்டிட்யூட்டாக இறங்கி, ஒரே டெஸ்டில் நாலு கேட்ச் பிடித்தார். டெஸ்ட் சரித்திரத்தில் அதற்குமுன் எந்த சப்ஸ்டிட்யூட்டும் செய்யாத காரியம். அவருக்கு நிஜ டெஸ்ட் எப்போது கிடைத்தது? 1990 ஆக்லாந்தில். ஒரே ஒரு டெஸ்ட். 18 ரன். அவ்வளவுதான். அதே 1983-ல் உலகக் கோப்பையை ஜெயித்த பதினாலு பேரில் சுனில் வால்சன் ஒரு மாட்சும் ஆடவில்லை. அப்புறமும் ஆடவில்லை. கோப்பையோடு எடுத்த போட்டோ உண்டு, ஸ்கோர் கார்டில் பேர் இல்லை.

வரிசை நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது வலையில் பந்து போடுவதற்காக. வாஷிங்டன் சுந்தரை டி20 முடிந்ததும் ஊருக்கு அனுப்பாமல் வலைக்கு நிறுத்திக்கொண்டார்கள். வரிசையாக ஆட்கள் அடிபட்டு விழ, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இரண்டு பேரையும் இறக்க வேண்டியதாயிற்று. முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். சுந்தர் 62 ரன் வேறு. இந்தியா அந்த டெஸ்டையும் சீரீஸையும் ஜெயித்தது. முன்னால் நின்ற ஆறேழு பேருக்கு அடிபட்டால்தான் கதவு திறக்க வேண்டுமா என்ன?

சட்டமே இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2019-லிருந்து, தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வருகிறவர் பேட் செய்யலாம். லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக வந்த லபுஷேன்தான் முதல் ஆள், 59 அடித்தார். 2023-ல் ஐ.பி.எல்.லில் இம்பாக்ட் பிளேயர் என்று கொண்டுவந்து, பன்னிரண்டாவது ஆள் கையிலும் பேட்டைக் கொடுத்துவிட்டார்கள். இது நல்ல ரூலா, ஆல்ரவுண்டர்களுக்கு வைத்த வேட்டா என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் சண்டை போட்டிருக்கிறார்கள். போடட்டும்.

நீங்கள் டீம் காப்டனாக இல்லாமல் இருக்கலாம். ஒரு ஆபீஸோ, சங்கமோ, ஒரு வீடோ கட்டாயம் இருக்கும். ஒரு மாசத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தண்ணி யார் கொண்டு வந்தது, டம்ளரை யார் கழுவியது, கடைசிப் பந்தியில் யார் சாப்பிட்டது என்று தேதி போட்டு எழுதுங்கள். மாசக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். ஒரே பேர் ஏழு இடத்தில் வந்தால் ஒரு டீ கிளாஸும் பழைய பேப்பரும் எடுங்கள்.

சீட்டில் உங்கள் பேரையும் எழுதுங்கள். அதை ஞாபகமாகக் கிளாஸுக்குள்ளேயும் போடுங்கள்!